மருந்துக்குக் கட்டுப்படாத தொற்று: ஒரு மருந்தா, கூட்டு மருந்தா?

மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்று என்று மருத்துவர் கூறியவுடன், நோயாளியின் குடும்பத்தார் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு மருந்து போதுமா? இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தால் விரைவில் குணமாகாதா?" என்பதே அது. கேள்வி இயல்பானது. ஒருவர் இழுத்து அசையாத தேர், ஊர் கூடி இழுத்தால் அசைகிறது. ஆனால் ஆண்டிபயாடிக் மருந்துகளின் கணக்கு எப்போதும் அப்படி அமைவதில்லை. சில தொற்றுகளில் ஒரே ஒரு மருந்தைக் கொடுப்பதே ஆபத்தாகும். வேறு சிலவற்றில் இரண்டாவது மருந்து செலவையும் வயிற்றுப்போக்கையும் தவிர வேறு எதையும் கூட்டுவதில்லை. இவற்றைப் பிரித்தறிய உதவும் ஆய்வுகளில் முக்கியமான சில, தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்களில் நடந்தவை.

இக்கேள்வி இன்று முன்னைவிட அவசரமாகியுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023இல் ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட பாக்டீரியாத் தொற்றுகளில் உலக அளவில் ஆறில் ஒன்று, கொடுக்கப்படும் மருந்துக்குக் கட்டுப்படாதது. இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் அது மூன்றில் ஒன்று. இது பெருநகர மருத்துவமனைகளோடு நிற்கும் செய்தியன்று. வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மாதக்கணக்கில் நீடிக்கும் இருமலும், முள்காட்டுக்குள் சென்று வந்தபின் தொடங்கும் காய்ச்சலும், சர்க்கரை நோயாளியின் ஆறாத கால் புண்ணும், மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் உறவினரும் இக்கேள்வியையே நம் முன் வைக்கின்றனர். ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

காசநோய்: ஒரு மருந்து ஏன் தோற்றது?

கூட்டு மருந்து கட்டாயம் என்பது ஐயமின்றி நிறுவப்பட்ட நோய் காசநோய். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை மட்டும் கொடுத்துப் பிரிட்டனில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1948இல் வெளிவந்தது. முதல் ஆறு மாதங்களில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். வியக்கத்தக்க வெற்றியாகவே அது தோன்றியது. ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது முதல் குழுவில் 32 பேரும் இரண்டாம் குழுவில் 35 பேரும் உயிருடன் இல்லை. மருந்து பெற்றவர்களின் உடலில் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியதே இதற்கு முக்கியக் காரணம்.

இது ஏன் நிகழ்கிறது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். நுரையீரலில் காசநோய் குடைந்த ஒரு குழியில் ஏறத்தாழ 10 கோடி கிருமிகள் இருக்கக்கூடும். அவற்றில் சுமார் 10 லட்சத்துக்கு ஒன்று, எந்த மருந்தையும் காணும் முன்னரே, ஐசோநியசிட் என்னும் மருந்துக்கு இயற்கையாகவே அடங்காததாக இருக்கும். ஐசோநியசிட் மட்டும் கொடுத்தால் மற்றவை மடியும்; எஞ்சும் அந்த நூறு கிருமிகள் காலியான இடத்தில் பெருகும். இரண்டு மருந்துகளுக்கும் ஒருசேர அடங்காத கிருமி தோன்றும் வாய்ப்போ லட்சம் கோடிக்கு ஒன்று. அத்தனை கிருமிகள் ஒருவர் நுரையீரலில் இருப்பதில்லை.

இதை நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்தறிந்த இடங்களில் ஒன்று சென்னை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஐசோநியசிட்டை வெவ்வேறு அளவுகளில் தனியாகக் கொடுக்கும் மூன்று முறைகளையும், அதனுடன் பி.ஏ.எஸ். என்னும் மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் முறையையும் அம்மையம் ஒப்பிட்டு, 1960இல் முடிவை வெளியிட்டது. கூட்டு மருந்தே முதலிடம் பெற்றது. ஆய்வில் பங்கேற்றவர்கள் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெற்ற ஏழை நகரவாசிகள் என்பதும் குறிப்பிடத்தக்கது. அவர்களுக்குப் பொருந்தியது கரிசல் காட்டு விவசாயிக்கும் பொருந்தும்.

இதனால்தான் இன்றும் புதிய காசநோயாளிக்கு முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதங்கள் மூன்று மருந்துகளும் அரசால் இலவசமாக வழங்கப்படுகின்றன. நான்கும் ஒரே மாத்திரையில் அடங்கியிருப்பது வசதிக்காக மட்டுமன்று. ஒன்றை விழுங்கி மற்றதை விட்டுவிட முடியாதபடி செய்வதும் அதன் நோக்கம்.

ஐசோநியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் கட்டுப்படாத காசநோய் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் எனப்படும். அதற்கான சிகிச்சை முன்பு 20 மாதங்கள் வரை நீடித்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் புதிய முறையொன்றுக்கு ஒப்புதல் அளித்தது. பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லைனெசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கையும் ஆறு மாதங்கள் வாய்வழியாகவே உட்கொள்ளும் முறை அது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சிறுவர்களுக்கும் அது பொருந்தாது. அவர்களுக்கு வேறு மருந்துத் திட்டங்கள் உண்டு. லைனெசோலிட் நரம்பைப் பாதிக்கக்கூடும். பாதம் மரத்துப்போதல், எரிச்சல், பார்வை மங்குதல், நிறம் மங்கித் தெரிதல் ஆகியவற்றை உடனே தெரிவியுங்கள். இவற்றுக்காக நீங்களாகவே அந்த ஒரு மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். எஞ்சிய மருந்துகளுக்கு என்ன துணை வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்வார். வெட்டிய சீமைக் கருவேல் அடித்தூரிலிருந்து மீண்டும் துளிர்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாதியில் நிறுத்திய காசநோய் சிகிச்சையும் அத்தகையதே. மீண்டும் துளிர்ப்பது முன்னைவிடக் கடினமானது.

தீவிர சிகிச்சைப் பிரிவு: அதே நியாயம் செல்லாத இடம்

காசநோயில் கிடைத்த வெற்றியைக் கண்டு, "அடங்காத கிருமி என்றால் இரண்டு மருந்து" என்ற எண்ணம் மருத்துவ உலகிலும் பரவியது. செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ளோரைத் தாக்கும் அசினெட்டோபாக்டர், க்ளெப்சியெல்லா போன்ற கிருமிகள் மெரோபெனெம் முதலான வலிமை மிக்க மருந்துகளுக்கும் அடங்காதவையாக மாறியபோது, கொலிஸ்டின் என்னும் பழைய மருந்து மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. அதனுடன் மெரோபெனெமையும் சேர்த்தால் பயன் கூடும் எனப் பலர் நம்பினர். ஆய்வகக் குழாயில் இரண்டும் சேர்ந்து கிருமியை விரைந்து கொன்றது உண்மைதான்.

நோயாளிகளிடம் நடந்தது வேறு. இஸ்ரேல், கிரீஸ், இத்தாலி நாடுகளின் மருத்துவமனைகளில் 406 நோயாளிகளிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கொலிஸ்டின் மட்டும் பெற்றவர்களில் 79 விழுக்காட்டினரிடமும், இரண்டும் பெற்றவர்களில் 73 விழுக்காட்டினரிடமும் சிகிச்சை 14 நாள்களில் பலனளிக்கவில்லை. 28 நாள்களுக்குள் இறந்தோர் முறையே 43, 45 விழுக்காடு. இவ்வேறுபாடுகள் தற்செயலாகவே நேரக்கூடிய அளவினவை. வயிற்றுப்போக்கு மட்டும் கூட்டு மருந்து பெற்றவர்களிடம் தெளிவாகக் கூடியிருந்தது: 16க்கு எதிராக 27 விழுக்காடு. அமெரிக்கா, தாய்லாந்து உள்ளிட்ட நாடுகளில் நடந்து 2023இல் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வில் இறப்பு 43 விழுக்காடும் 37 விழுக்காடுமாக இருந்தது. கூட்டு மருந்தின் பக்கம் சற்றே சாய்ந்த அந்த வேறுபாட்டையும் உறுதியானது எனக் கொள்ள இயலவில்லை.

காசநோயில் பயன் தந்த கூட்டு இங்கு ஏன் தரவில்லை? அங்கே சேர்க்கப்படும் ஒவ்வொரு மருந்தும் கிருமியைத் தானே கொல்ல வல்லது. இங்கே சேர்க்கப்பட்ட மெரோபெனெமோ, அக்கிருமி ஏற்கெனவே வென்றுவிட்ட மருந்து. வேலை செய்யாத ஆள் ஒருவரைக் கூலிக்குச் சேர்ப்பதால் அறுவடை விரைவதில்லை. இதைவிடக் கவலைக்குரியது, ஒவ்வொரு கூடுதல் மருந்தும் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, அடங்காதவற்றுக்கு இடம் ஏற்படுத்தித் தருவதே. கொலிஸ்டினுடன் அமிகாசின் போன்ற மருந்து சேரும்போது சிறுநீரகத்துக்கு நேரும் ஆபத்தும் கூடுகிறது.

எனினும் அசினெட்டோபாக்டர் கடுமையாகத் தாக்கியுள்ள நோயாளிக்கு இரண்டு மருந்துகளைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவர்களும் உண்டு. அதை ஏற்கும் வழிகாட்டு நெறிமுறைகளும் உண்டு. இது இன்னும் முடிந்துபோகாத விவாதம். ஆகவே இரண்டு மருந்து கொடுக்கப்படுவதைக் கண்டு தவறு நடப்பதாக நீங்கள் எண்ண வேண்டியதில்லை.

மருந்தைக் குறைப்பது கைவிடுதலன்று

குடும்பங்கள் மிகவும் கலங்கும் கட்டம் ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். இரத்தத்தில் தொற்று பரவிய நிலையில் ஒருவர் கொண்டுவரப்படும்போது, எந்தக் கிருமி என்பது எவருக்கும் தெரியாது. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமானது. எனவே கிருமி எதுவாயினும் ஒன்றாவது பிடிக்கட்டும் என்று மருத்துவர் இரண்டு, சில வேளைகளில் மூன்று மருந்துகளைத் தொடங்குவார். அதற்கு முன்பே இரத்தம், சிறுநீர், சளி ஆகியவை கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பப்படும். கிருமி எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்ற முடிவு வர இரண்டு, மூன்று நாள்கள் ஆகும். முடிவு வந்ததும் தேவையற்றவை நிறுத்தப்பட்டு, பொருத்தமான ஒன்று மட்டும் தொடரும். இது நல்ல மருத்துவத்தின் அடையாளம்.

வெளியே காத்திருப்போருக்கோ இது வேறுவிதமாகத் தோன்றுகிறது. நேற்று மூன்று ஊசி, இன்று ஒன்று. "இனிப் பயனில்லை என்று நிறுத்திவிட்டார்களோ" என்ற அச்சம் எழுகிறது. சந்தையில் ஆட்டை விற்றுக் கொண்டுவந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளியை வேறு மருத்துவமனைக்கு மாற்றத் துணிவோரும் உள்ளனர். அங்கே கல்ச்சர் முடிவு கையில் இல்லாததால் சிகிச்சை மீண்டும் அனுமானத்திலிருந்து தொடங்குகிறது. நோயாளி இழக்கும் அந்த இரண்டு நாள்களை எவராலும் திருப்பித் தர இயலாது. மருந்து குறைக்கப்பட்டால், "கல்ச்சர் முடிவு வந்துவிட்டதா? அதனால்தான் குறைத்தீர்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆம் என்பதே விடையாக இருக்கும்.

மருந்துச் சீட்டில் இரண்டு பெயர்கள் இருப்பதனாலேயே அது கூட்டுச் சிகிச்சை ஆகிவிடாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலம், பிப்பராசிலின்-டாசோபாக்டம் போன்றவற்றில் கிருமியைக் கொல்வது முதலாவது மருந்தே. இரண்டாவது, அம்மருந்தைச் சிதைக்கக் கிருமி சுரக்கும் நொதியைத் தடுக்கும் காவலாள். சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் நிறுவனம் கண்டறிந்து, 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் பெற்ற என்மெட்டாசோபாக்டம் அத்தகைய காவலாளே. அது செஃபெபிம் மருந்துடன் சேர்த்துத் தரப்படுகிறது.

கூட்டு உண்மையிலேயே பயன் தரும்போது

என்.டி.எம்.-1 என்னும் நொதியைச் சுரக்கும் கிருமிகளைப் பற்றி 2010இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது கண்டறியப்பட்டிருந்தது. மெரோபெனெம் உள்ளிட்ட பெரும்பாலான மருந்துகளை அந்நொதி துண்டாடிவிடும். அஸ்ட்ரியோனாம் என்னும் மருந்தை மட்டும் அதனால் வெட்ட இயலாது. ஆனால் அதே கிருமி பெரும்பாலும் அஸ்ட்ரியோனாமை வெட்டக்கூடிய வேறு நொதிகளையும் வைத்திருக்கும். அவற்றை அவிபாக்டம் தடுக்கிறது. எனவே செஃப்டசிடிம்-அவிபாக்டமும் அஸ்ட்ரியோனாமும் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. இத்தாலியிலும் கிரீஸிலும் இரத்தத் தொற்றுள்ள 102 நோயாளிகளைக் கவனித்த ஆய்வில், இக்கூட்டைப் பெற்றவர்களில் 19 விழுக்காட்டினரும், பிற மருந்துகளைப் பெற்றவர்களில் 44 விழுக்காட்டினரும் 30 நாள்களுக்குள் இறந்தனர். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வன்று அது. ஆயினும் வேறுபாடு பெரியது. ஒவ்வொரு மருந்துக்கும் இங்கே தனித்தனிப் பணி உண்டு என்பதைக் கவனியுங்கள்.

மற்றொரு சான்று நம் முள்காட்டுக்கு நெருக்கமானது. புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல். ஆடு மேய்ப்போர், விறகு வெட்டுவோர், கரிமூட்டம் போடுவோர் ஆகியோருக்கு இது வர வாய்ப்பு அதிகம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு போன்ற மறைவான இடங்களில் சுருட்டுச் சூடு பட்டதுபோல் வலியில்லாத கருத்த புண் காணப்படலாம். இது மருந்து எதிர்ப்பு நோயாகக் கருதப்படுவதில்லை. எனினும் ஒன்றா இரண்டா என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்த நோய். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் இந்நோய் முற்றிய 794 பேரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று குழுக்கள். இறப்பு, ஐந்தாம் நாளிலும் நீங்காத காய்ச்சல், ஏழாம் நாளிலும் தீராத சிக்கல் இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானோர் முதலிரு குழுக்களில் 47, 48 விழுக்காடு. இரண்டும் பெற்ற குழுவில் 33 விழுக்காடு. இறப்பு எண்ணிக்கை மட்டும் தனியே பெரிதாக வேறுபடவில்லை. கிருமி புரதம் உருவாக்கும் பணியை இரு மருந்துகளும் வெவ்வேறு இடங்களில் தடுப்பதே இப்பயனுக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

இம்முடிவு முற்றிய நோய்க்கு, நரம்பு வழியாகத் தரப்படும் மருந்துக்கு உரியது. தொடக்க நிலையில் டாக்சிசைக்ளின் ஒன்றே போதும். "வேலூரில் இரண்டு மாத்திரை நல்லது என்றார்களாம்" என்று கடையில் வாங்கி விழுங்குவதற்கு இந்த ஆய்வு ஆதாரமாகாது.

கடையில் கிடைக்கும் கூட்டு

மிக ஆபத்தான கூட்டு மருந்து மருத்துவமனையில் தரப்படுவதில்லை. அது கடையில் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கப்படும் 'செட்' மாத்திரை. பெயர் தெரியாத நான்கைந்து மாத்திரைகளுள் ஓர் ஆண்டிபயாடிக்கும், சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். இரண்டு வேளைக்கு மட்டும் வாங்குவோரே அதிகம். நீடித்த இருமலுக்கு இவ்வாறு லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்தைச் சில நாள்கள் உட்கொண்டால், உள்ளே காசநோய் இருப்பின் அது தற்காலிகமாக அடங்கிப் பரிசோதனையிலும் தப்பக்கூடும். நீங்கள் அறியாமலே காசநோய்க்கு ஒற்றை மருந்துச் சிகிச்சை எடுத்தவராகிறீர்கள். 1948ஆம் ஆண்டு ஆய்வில் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்கிறது. அக்கிருமி லெவோஃப்ளாக்சசினுக்கு அடங்காததாகிவிட்டால், அதே குடும்பத்தைச் சேர்ந்த மாக்சிஃப்ளாக்சசினும் பின்னர் உதவாமல் போகலாம்.

2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணை விதியின்படி, அதில் இடம்பெற்ற ஆண்டிபயாடிக் மற்றும் காசநோய் மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. நோயாளி, மருத்துவர் பெயர்களைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். உரிய நியாயமின்றிச் சேர்க்கப்பட்ட 328 கூட்டு மருந்துகளை மத்திய அரசு 2018 செப்டம்பரில் தடை செய்தது. சட்டம் இருக்கிறது, ஆனால் சீட்டு இல்லாமல் கேட்பவர் இருக்கும்வரை பொட்டலமும் இருக்கும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

"எத்தனை மருந்து?" என்பதைவிட, "இந்த இரண்டாவது மருந்து எதற்காக?" என்று கேளுங்கள். கிருமி இன்னும் தெரியவில்லை என்பதற்காகவா, எதிர்ப்புத் திறன் உருவாகாமல் தடுக்கவா, முதல் மருந்தைக் காப்பதற்காகவா? காரணம் தெரிந்தால், அது எப்போது நிறுத்தப்படும் என்பதும் உங்களுக்கு விளங்கும். கொலிஸ்டின் பெறுபவராயின் கிரியேட்டினின் அளவைக் கேட்டறியுங்கள். சிறுநீர் குறைந்தால் செவிலியரிடம் உடனே கூறுங்கள். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில், சீழை அகற்றாமல் எத்தனை மருந்து சேர்த்தாலும் பயன் குறைவு. புண்ணைச் சுத்தம் செய்யும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால், கடைக்குச் செல்லும் முன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அது இலவசம். காய்ச்சலுக்குச் செல்லும்போது காட்டுக்குச் சென்று வந்ததையும், கடையில் ஏதேனும் மாத்திரை வாங்கி உட்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பொட்டலத்தில் மிச்சம் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காசநோய் தொடர்பான ஐயங்களுக்கு 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணையும், பிற மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது, மருந்துச் சீட்டோடு கல்ச்சர் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடங்காத கிருமி குடலில் பல மாதங்கள் தங்கியிருக்கக்கூடும். ஆறு மாதம் கழித்து அதே நோயாளிக்கு மீண்டும் காய்ச்சல் வந்து, நரிக்குடியிலோ அருப்புக்கோட்டையிலோ வேறொரு மருத்துவர் பார்க்க நேர்ந்தால், முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்க அவருக்குக் கிடைக்கும் ஒரே தடயம் அந்தத் தாளாக இருக்கலாம்.